காடை இல்லாத வீடு

அருள்மேரி கட்டைவிரலை வைத்ததும் அன்றைய மூச்சுக்காற்று குழாய் வழியே வீட்டுக்குள் இறங்கியது. ஓர் ஆளுக்கான அளவு. செவ்வாயின் மூன்றாம் குமிழ்நகரில் காலையில் பால் வாங்குவது மாதிரிதான் இதுவும். அந்த ஓர் ஆள் காற்றில்தான் அவளும் அலமாரிக்குள் இருந்த ஆறு காடைகளும் மூன்று மாதமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மகள் பூமிக்குப் போனபின் வீட்டில் பேச ஆளில்லை. அருள்மேரிக்கு உணவுப்பண்ணையில் வேலை. பொரிக்காது என்று அங்கே கழித்துப்போட்ட காடை முட்டைகளை எடுத்துவந்து வெந்நீர்க் குழாயின்மேல் வைத்தாள். ஆறு பொரித்தன. கால் கடுக்க வீடு திரும்பினால், கதவுச் சத்தத்துக்கே குரல் கொடுக்கும். அது போதும் அவளுக்கு.

அன்று கதவைத் தட்டியது குடியிருப்போர் சங்கத்தின் இயந்திரமான விதிக்காவலன்.

"அலமாரியில் அசைவு தெரிகிறது. இயந்திரமா, உயிரா?"

இயந்திர நாய், இயந்திரக் கிளி எதுவும் வளர்க்கலாம். காற்றைக் குடிக்கும் பிராணி கூடாது. பொய் சொல்லிச் சமாளிக்க அவளுக்குத் தெம்பில்லை.

"உயிர்தான்."

மாலையில் சங்கம் கூடியது. அவளைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். செயலாளர் தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க மேரிம்மா. உங்களுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. நாளைக்குள்ள உரத்தொட்டியில போட்டுடுங்க."

"உயிரோடயா?"

தணிகாசலம் தீர்மான ஏட்டை மூடினார்.

மறுநாள் பெட்டியோடு கிளம்பியவளைப் பக்கத்து வீட்டுப் பரிமளா மறித்தாள். முந்தின நாள் முதலில் கை தூக்கியவள்.

"ஒரு சோடி எனக்குக் குடுங்கக்கா. அதுங்க கத்துனாத்தான் எங்க மாமனார் சிரிச்ச முகமா எந்திரிக்கிறாரு."

"விதிக்காவலன் வந்தா?"

"இயந்திரம்னுடுவேன். இயந்திரக் கிளிக்கு இருக்கிற மாதிரி கால்ல ஒரு நம்பர் ஒட்டிட்டா முடிஞ்சுது."

அடுத்த திருப்பத்தில் இன்னொரு வீட்டில் ஒரு சோடி கேட்டார்கள். உரத்தொட்டியருகே தணிகாசலமே நின்றார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுப் பையை விரித்தார். "எங்க வீட்டம்மாவுக்கு ரொம்ப ஆசை..."

கடைசி இரண்டின் தலையையும் தடவிவிட்டு அருள்மேரி பையில் இறக்கினாள்.

ஓராண்டுக்குள் தெருவெங்கும் காடைகள் பெருகிவிட்டன. எல்லாவற்றின் காலிலும் எண். அருள்மேரி ஒரு குஞ்சு கேட்டுப் போனபோது பரிமளா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா. உங்க வீட்டைத்தான் விதிக்காவலன் அடிக்கடி சோதிக்குது. அப்புறம் எங்களுக்கும் வம்பு."

பிறகு குமிழில் காற்று குறையத் தொடங்கியது. சங்கம் அவசரமாகக் கூடியது. உயிர்ப்பிராணி இருந்ததாகப் பதிவான வீடு ஒன்றே ஒன்றுதான். வெளியே கேட்ட காடைச் சத்தத்துக்கு மேலே தணிகாசலம் கத்த வேண்டியிருந்தது.

"மேரிம்மா காத்துல பத்துல ஒரு பங்கைக் குறைக்கணும்னு தீர்மானம். நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

பரிமளா அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை காலை அத்தனை காடைகளும் உரத்தொட்டியில் கிடக்கும்.

"ஒண்ணுமில்லைங்க."

கைகள் மளமளவென்று உயர்ந்தன. சீக்கிரம் முடிந்தால் போய்ப் படுக்கலாம் என்று அருள்மேரியும் கையைத் தூக்கினாள்.