புரியாத மொழி பேசிய புத்தகம்

"டீனா, நீ ஒரு பாட்டுப் பாடிடும்மா. அது போதும்," என்றார் நூலகர் மமதா மிஸ்.

டீனாவின் முகம் சுருங்கியது. சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன நூலகத்தில் சனிக்கிழமை வாசகர் விழா. பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகம் படித்து, மேடையில் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். டீனாவுக்குக் கண் தெரியாது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் அவளுக்கு மட்டும் பாட்டு.

"மிஸ், இவ பாடினா சர்ச்சுல புறாவெல்லாம் பறந்துடும்," என்றான் ஷெர்வின். அவன் டீனாவின் பக்கத்து வீடு. அவளோடு ஆறாம் வகுப்பில் படிக்கிறான்.

"நிஜம்தான் மிஸ்," என்றாள் டீனா. "எனக்குப் பாட வராது. இந்தத் தடவை நானும் கதைதான் சொல்லப் போறேன். எல்லாப் புத்தகமும்தான் போன்லயே வந்துடுச்சே!"

மமதா மிஸ்ஸின் தம்பி வினய், தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவர். நூலகத்துக்காக அவர் ஒரு செயலி செய்திருந்தார். கன்னடப் புத்தகங்களையும் தமிழ்ப் புத்தகங்களையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அதில் ஏற்றியிருந்தார். டீனாவின் போனோ, எழுத்துகளைச் சத்தமாக வாசித்துக் காட்டும் போன். அப்புறம் என்ன கவலை?

மிஸ் தயங்கினார். "சரி, படிச்சுப் பாரு. முடியலைன்னா சொல்லு, பாட்டுன்னே போட்டுக்கறேன்."

அன்று மாலை டீனா வீட்டில் ஷெர்வினோடு உட்கார்ந்து 'டிக்கெட் எடுத்த யானை' என்ற புத்தகத்தைத் திறந்தாள். போனிலிருந்து கன்னடக் குரல் கிளம்பியது.

"டடெ ஙீகு பொளரூ யெயெ ஜ்ஞொ..."

ஷெர்வின் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாடி இது? கன்னடமும் இல்ல, தமிழும் இல்ல. வாய்ல போண்டாவை வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு!"

"அந்தப் பக்கத்துல இன்னா எழுதியிருக்குன்னு பாருடா."

"எங்கே பார்க்கறது? போனே ஆஃப் ஆயிருக்கு."

"ஆஃப் இல்ல. எனக்கு எதுக்கு வெளிச்சம்? சார்ஜ் மிச்சமாகட்டும்னு ஸ்கிரீனை அணைச்சு வெச்சிருக்கேன்." அவள் திரையை ஒளிர வைத்தாள்.

"அழகா தமிழ்லதான் இருக்கு. உன் போன்தான் கெட்டுப்போச்சு. விடு, நான் படிச்சுக் காட்டறேன்."

"வேணாம்பா. நீ பாதிப் பக்கத்தைத் தாண்டிடுவ. பேய்க் கதையில பேயையே தாண்டினவன் நீ!"



டீனா யோசித்தாள். பள்ளியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியைத் திறந்தாள். போன் தெளிவாக வாசித்தது. செயலியில் ஒரு கன்னடப் புத்தகத்தைத் திறந்தாள். அதையும் தெளிவாக வாசித்தது. வேறொரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாள். மறுபடியும் போண்டா!

"போன் நல்லாத்தான் இருக்கு," என்றாள் டீனா. "நீ பார்க்கறது பக்கத்தோட போட்டோ. போன் படிக்கறது அதுக்கு அடியில இருக்கற எழுத்து. தமிழ்ப் புத்தகத்துல மட்டும் அந்த எழுத்து தப்பா இருக்கு. வா, வினய் அண்ணா ரயில் வந்திருக்கும்."

வினய் நூலகத்தில்தான் இருந்தார். "தப்பா? யாருமே ஒண்ணும் சொல்லலையேம்மா."

"மத்தவங்க எல்லாம் பார்க்கறாங்க அண்ணா. நான் மட்டும்தான் கேக்கறேன். இந்தாங்க, நீங்களும் கேளுங்க."

ஒரு வரி கேட்டதும் வினய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ! முதல்ல கன்னடப் புத்தகத்தை எல்லாம் போட்டேன். அதே செட்டிங்ல தமிழையும் போட்டுட்டேன். பாவம் கம்ப்யூட்டர், போட்டோவைப் பார்த்து ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கன்னடம்னு நினைச்சு எழுதி வெச்சிருக்கு! ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் மாத்திடறேன்."

"விழா சனிக்கிழமை அண்ணா!"

வினய் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்தார். "சரி. யானை மட்டும் இன்னிக்கே ஏறட்டும்."

இந்தத் தடவை போன் தமிழில் பேசியது. "ஓர் ஊரில் ஒரு பானை இருந்தது. பானைக்கு ரயிலில் போக ஆசை."

"பானையா!" என்று மூன்று பேரும் சிரித்தார்கள். டீனா ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். ஷெர்வின் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டான். வினய் திருத்தினார். யானை டிக்கெட் எடுத்தது. ரொம்ப கனம் என்று அதை ரயிலில் ஏற்றவில்லை. கொஞ்ச தூரத்தில் ரயில் நின்றுபோனது. கடைசிப் பக்கம் வந்ததும் போன், "படம்" என்று சொல்லிவிட்டு நின்றது.

"இன்னா படம்?" என்றாள் டீனா.

அந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லை.

"நல்ல படம்னு எழுதிடுங்க அண்ணா," என்றான் ஷெர்வின்.

"நல்ல படம்னா எனக்கு இன்னாடா தெரியும்? யாரு இருக்காங்க, இன்னா பண்றாங்கன்னு சொல்லு."

ஷெர்வின் குனிந்து உற்றுப் பார்த்தான். "இன்ஜின் ஓரமா புகை விட்டுக்கிட்டு நிக்குது. யானை முழு ரயிலையும் இழுத்துக்கிட்டுப் போவுது. தும்பிக்கையில டிக்கெட். ஏய்! டிரைவர் யானை மேல உக்காந்து டீ குடிக்கறாரு! இதை நான் முன்னே பார்க்கவே இல்லையே!"

டீனா கைதட்டிச் சிரித்தாள். வினய் அவ்வளவையும் எழுதிச் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை டீனா தனியாக உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசிப் படம் வரை தானே படித்தாள். அன்று மாலையே மமதா மிஸ்ஸிடம் போனாள். "என் பேருக்கு நேரா யானைன்னு போடுங்க மிஸ்."

சனிக்கிழமை மேடையில் டீனா யானையாகவே மாறி டிக்கெட் கேட்டாள். ஸ்டேஷன் மாஸ்டராக மாறி அதட்டினாள். பெரியவர்கள்கூடக் குலுங்கிச் சிரித்தார்கள். ரயில் நடுவழியில் நின்ற இடத்தில் அவள் கதையை நிறுத்தினாள்.

"அப்புறம் இன்னா ஆச்சு?" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"கடைசிப் பக்கத்துல இருக்கு. போய்ப் பாருங்க. இல்ல, என்னை மாதிரி கேளுங்க!"

கைதட்டல் ஓயவே இல்லை. விழா முடிவதற்குள் பாதிப் பிள்ளைகள் அவரவர் அம்மா அப்பாவின் போனைப் பிடுங்கி யானையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வினய் எல்லாத் தமிழ்ப் புத்தகங்களையும் சரிசெய்தார். மமதா மிஸ் ஒரு புது விதி போட்டார். டீனா கேட்டுப் பார்த்து 'சரி' சொன்ன பிறகுதான் எந்தப் புத்தகமும் செயலியில் ஏறும்.

அதனால் இப்போதெல்லாம் நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்தால், ஊருக்கே முன்னால் அதைப் படித்து முடிப்பவள் டீனாதான்.