ஒருவருக்கு ஒன்று

ஊசி போட்டு இருபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. நோயாளியான லாரி ஓட்டுநர் இன்னும் கண் திறக்கவில்லை. அவருக்குப் பென்சிலின் ஆகாது. வார்டுத் திரையில் ஒவ்வாமை என்ற இடத்தில் ‘ஆஸ்பிரின்’ மட்டும் இருந்தது. அதை நம்பி மருத்துவர் பென்சிலின் எழுதிவிட்டார்.

விவரம் பதிந்த நர்ஸுக்கு நான்கு மணிக்கு விசாரணை. வேலை போவது ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

பிற்பகல் 2.10. வார்டுத் திரையின் மென்பொருளைச் செய்துகொடுத்த நிறுவனத்தின் சோதனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. கண் கூர்மை, குரல்தான் எழும்பாது.

“அவர் என்ன சொன்னார், சிஸ்டர்?”

“ரெண்டும் ஆகாதுன்னார். முதல்ல பென்சிலின்னு டைப் அடிச்சேன். அப்புறம் ஆஸ்பிரின். எத்தனை தடவைம்மா சொல்றது?”

“ஆஸ்பிரின் ரெண்டாவதா?”

“ஆமா. அதையாவது அடிச்சேன்னு ஒத்துக்கிறாங்களே, பெரிய மனசு.”

தாழ்வாரத்தில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நர்ஸ் எழுந்து நின்றார்.

2.35. பதிவு மேசையில் அடிப்பது எக்ஸ்எம்எல் என்ற வடிவில் ஒரு கோப்பாக வார்டுக்குப் போகும். வார்டுக் கணினி படித்ததும் அதை அழித்துவிடும். அவள் பார்க்க மிச்சம் இரண்டு: கோப்பில் எது எத்தனை முறை வரலாம் என்று சொல்லும் ஸ்கீமா; வருவதை வாங்கி வைக்க அதற்கேற்ப வார்டு நிரலில் அமைத்த கிளாஸ்கள் என்ற நிரல் துண்டுகள். ஸ்கீமாவின்படி ஒவ்வாமை எத்தனை வேண்டுமானாலும் வரலாம்.

3.05. நாற்பத்தொரு கிளாஸ்கள். நாற்பதின் தலையில் ஒரே வரி: ‘ஸ்கீமாவிலிருந்து கருவி தானாக எழுதியது, கை வைக்காதீர்கள்.’

3.40. மென்பொருளின் பழைய சோதனைத் தாளைத் தேடி எடுத்தாள். படித்தாள். நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

4.00. அறையில் தலைமை மருத்துவர், நர்ஸ், அவளுடைய நிறுவனத்தில் நிரல் எழுதும் பிரிவின் தலைவர்.

“இந்த மென்பொருள் வந்த எட்டு மாசத்துல, வார்டுத் திரையில ஒவ்வாமை உள்ளவங்க அறுநூத்திப் பன்னிரண்டு பேர், சார். ஒருத்தருக்குக்கூட ரெண்டு இல்ல.”

தலைமை மருத்துவர் நிமிர்ந்தார். “அப்படி இருக்க முடியாதே.”

“சிஸ்டர் மறந்திருந்தா ஒருத்தருக்குத்தான் விட்டுப்போயிருக்கும். இது எல்லாருக்கும் போயிருக்கு. ஒவ்வாமைக் கிளாஸ்ல மட்டும் ‘கை வைக்காதீர்கள்’ வரி இல்ல. பட்டியல் இருக்க வேண்டிய இடத்துல ஒரே பெட்டி. ரெண்டாவது வந்து உட்கார்ந்தா முதலாவது போயிடும்.”

“யாரு கை வெச்சது?”

அவள் பிரிவுத் தலைவரைப் பார்த்தாள். “மாத்தினவங்க பேர் நிரல்ல பதிவாகியிருக்கு. நீங்கதான், சார்.”

நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“திரையில ஒரு வரிக்குத்தான் இடம் இருந்துச்சு,” என்றார் பிரிவுத் தலைவர். “சோதனையில தேறினப்புறம்தான் குடுத்தோம். சோதிச்சவங்க என்ன கிழிச்சாங்களாம்?”

“நியாயம்தானே. யாரு சோதிச்சது?” என்றார் தலைமை மருத்துவர்.

மடித்த தாளை மேசைமேல் பிரித்து வைத்தாள். குரல் இந்த முறை எழும்பியது.

“பத்து நோயாளிங்களை நானே கற்பனை பண்ணிப் பதிஞ்சேன், சார். பத்துப் பேருக்கும் ஒண்ணொண்ணுதான் குடுத்தேன். கீழ இருக்கிற கையெழுத்து என்னோடது.”