ஜோன் நாலு

லெசிபா இன்னும் அறைக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் மேல் மூலையில் இருந்த சென்சாரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று விநாடி நின்றது. அணைந்தது.

அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். ஒரு கையில் கருவிப் பெட்டி, மறு கையில் வீட்டு அலாரத்துக்கான புது சிம் பெட்டியின் அட்டை டப்பா. அறையில் ஒரு கட்டில், துணி பீரோ, சுவரில் ஒட்டிய மீன் படங்கள். திரைச்சீலை அசையவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

"இதுதான் ரெஃபி ரூம்." பின்னாலிருந்து மோஷிடி சொன்னாள். இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகிறது. முப்பது வயதிருக்கும். கையில் கார் சாவி. "ஐயா, மத்ததெல்லாம் எப்படி வேணா இருக்கட்டும். என் பொண்ணு தூங்கற ரூம்ல இருக்கறது வேலை செய்யணும். அத மட்டும் நல்லாப் பாத்துடுங்க."

"பாத்துடறேம்மா."

"பக்கத்துத் தெருவுல போன வாரம் ஜன்னல் கம்பிய அறுத்து உள்ள வந்திருக்கானுங்க. அப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல." கட்டிலைப் பார்த்துச் சிரித்தாள். "இவ என்னடான்னா ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டுத் தூங்கறா. தினமும் கீழ விழறா. இவ்வளவு பெரிய கட்டில், பாதி காலியா கெடக்குது. இன்னொரு தலகாணி வேணும்னு வேற அடம். நாலு வயசுல இவ்வளவு பிடிவாதம்!"

இரண்டு தலையணைகள் இருந்தன. இரண்டிலும் பள்ளம் இருந்தது.

"மழைக்கு முன்னால ஸ்கூலுக்குப் போய் அவளக் கூட்டிட்டு வந்துடறேன். கேட் ரிமோட் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாயிற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கேட் உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அந்தச் செங்கல் வீட்டில் மரத்தரை மெழுகின் வாசனையும், தகரக் கூரை வெயிலில் விரிந்து டக் டக்கென்று சொடுக்குவதும், தொலைவில் சுரங்க மண்மேட்டுக்கு மேல் மேகம் உறுமுவதும் மட்டுமே இருந்தன.

இந்த வீட்டுக்கு அவர் வருவது புதிதில்லை. முதலில் வந்தபோது வெளிச்சுவரில் ஒரு சைரனும் நீல விளக்கும் மாட்டினார். அது ஊரைக் கூட்டும் அளவுக்கு அலறியது, ஊர் திரும்பிப் படுத்துக்கொண்டது. அடுத்து டெலிபோன் வழியாகக் கம்பெனிக்குச் செய்தி சொல்லும் பெட்டி வந்தது. செம்புக்காகத் திருடர்கள் மண்ணைத் தோண்டிக் கேபிளையே உருவிக்கொண்டு போனார்கள். அடுத்தது ரேடியோ. மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது ஸ்பிரிங்ஸ் நகரத்தின் அத்தனை வீடுகளும் ஒரே நேரத்தில் கத்த, ஒன்றின் குரலை ஒன்று விழுங்கிவிடும். இப்போது சிம். கம்பெனிக்கும் போகும், வீட்டுக்காரரின் ஃபோனுக்கும் நேராகப் போகும். ஒரு கோபுரம் விழுந்தால் இன்னொரு கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். எதுவும் தொலையாது என்று கம்பெனிக் கூட்டத்தில் சொன்னார்கள். இருபது வருடமாக ஒவ்வொரு பெட்டிக்கும் இதையேதான் சொல்கிறார்கள்.

இந்த முகவரி வேலைச்சீட்டில் வந்ததும் அவர் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அறைகளுக்கு நடுவே போகும் நடைபாதையில் துணி அலமாரி. அதற்குள் சுவரோடு அலாரம் பெட்டி. மண்டியிட்டு மூடியைக் கழற்றினார். தூசி, பழைய பேட்டரியின் புளித்த நாற்றம், செத்த எறும்புகள். வயர்கள் வரிசையாகத் திருகப்பட்டிருந்தன. நான்காவது இடத்தில் மட்டும் வயர் இல்லை. அங்கே அரிசி மணி அளவில் ஒரு ரெசிஸ்டர் இரண்டு கால்களையும் ஊன்றி நின்றது. குழந்தை அறையிலிருந்து செய்தி கொண்டுவரும் வயரோ வெட்டி மடித்து, டேப் சுற்றி, பெட்டியின் மூலைக்குள் திணிக்கப்பட்டிருந்தது.

அவருடைய வேலைதான். எட்டு வருடம் முன்பு செய்தது.

அப்போது இங்கே இருந்தவர் திருமதி ஸ்வானபூல். கணவரை இழந்து தனியாக இருந்தார். தினமும் மூன்று இருபதுக்கு நாலாவது ஜோன், அதாவது அந்த அறையின் சென்சார், அடித்தது. காவலர்கள் துப்பாக்கியோடு ஓடி வருவார்கள். யாரும் இருக்க மாட்டார்கள். லெசிபா மூன்று முறை சென்சாரை மாற்றினார். எறும்புக்கு மருந்து அடித்தார். ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டினார். அடித்துக்கொண்டேயிருந்தது. "இன்னைக்கு அத முடிச்சிட்டு வா" என்றார் மேலதிகாரி. முடித்தார். அந்த ரெசிஸ்டர் இருக்கும்வரை, அந்த அறையில் யானையே நடந்தாலும் பெட்டிக்கு எல்லாம் சரிதான்.

"இப்ப அமைதியாயிடுச்சா லெசிபா?" என்று அந்த அம்மாள் கேட்டார். தேநீரும் ரஸ்க்கும் கொடுத்தார்.

"அமைதியாயிடுச்சு மேடம்."

ஆறு வாரம் கழித்து அவரை அந்த அறையில் கண்டெடுத்தார்கள். கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாராம். இருதயம் என்று டாக்டர் எழுதினார். அறையில் எந்த நடமாட்டமும் இல்லை என்று கம்பெனி எழுதியது, லெசிபா கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாளின் அக்கா மகன் ஒருவன் மட்டும் கேட்டான். "அத்தனை நாளும் சும்மா அடிச்சுதே. சித்தி தானா நடந்து உள்ள போயிருக்காங்க, அவங்களக்கூடவா அது பாக்கல?"

"சில சமயம் தவறிடும்" என்றார் லெசிபா.

இன்றைக்கு அதைச் சரி செய்துவிடலாம். யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லவும் வேண்டாம். ஒரு குழந்தை பத்திரமாகத் தூங்கும்.

ரெசிஸ்டரைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பழைய வயரைச் சீவி உள்ளே மாட்டினார். சிம் பெட்டியை இணைத்து, காதில் இயர்ஃபோனைச் செருகி, கன்ட்ரோல் அறையைக் கூப்பிட்டார். ஸோட்வாதான் எடுத்தாள். பத்து வருடமாக அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தை அவர் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார்.

"மாமா! இன்னும் உயிரோட இருக்கீங்களா? உங்களுக்கு முன்னாடி அந்த ரேடியோ பெட்டி ரிட்டயர் ஆயிடுச்சே."

"வாயக் கொறச்சுக்கிட்டு டெஸ்ட்ல போடு. நான் நடக்கறேன், நீ சொல்லு."

எப்போதும் செய்வதுதான். ஒவ்வொரு சென்சார் முன்னாலும் நடக்க வேண்டும், திரையில் வருவதை அவள் வாசிக்க வேண்டும். வாயிற்கதவைத் திறந்து மூடினார். "ஒண்ணு." முன்னறையைக் குறுக்கே கடந்தார். "ரெண்டு. சூப்பரா வருது மாமா, அடுத்த செகண்டே." நடைபாதை. "மூணு." சமையலறை. "அஞ்சு. நாலு எங்க போச்சு?"

"அத கடைசில பாக்கலாம்."

மழை வரும் முன்பாக ஓர் இருட்டு வரும். அது வந்துவிட்டது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே வானம் அடிபட்ட தோலின் நிறத்தில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

"நாலு" என்றாள் ஸோட்வா.

லெசிபா நின்றார்.

"நாலு. மறுபடி நாலு. என்ன மாமா, கட்டில் மேல ஏறிக் குதிக்கிறீங்களா?"

"நான் சமையக்கட்டுல இருக்கேன்."

"சரி சரி. வீட்ல பூனை இருக்கா?"

"இல்ல."

நடைபாதை வழியாகப் போனார். மரத்தரை அவருடைய கனத்தில் முனகியது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார். இந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியாது, உருவம் தெரியாது. நகர்கிற உடல் சூடு மட்டும்தான் தெரியும். காற்றுக்கு அடிக்காது. நிழலுக்கு அடிக்காது.

கட்டிலருகே போனார். ஓரத்துத் தலையணையைத் தொட்டார். சில்லென்று இருந்தது.

உள்பக்கத் தலையணையைத் தொட்டார்.

சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

கையை இழுத்துக்கொண்டார். சட்டையில் துடைத்தார். துடைத்த பிறகும் உள்ளங்கையில் அந்தச் சூடு அப்படியே ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்க்காமல், சுவரைத் தடவியபடி, அலமாரிக்கு வந்து மண்டியிட்டார்.

மோஷிடியிடம் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? இன்றைக்குத்தான் அடிக்கிறது என்றால், இதுவரை ஏன் அடிக்கவில்லை என்பாள். ஆட்கள் வருவார்கள். பழைய தாள்களை எடுப்பார்கள். கையெழுத்து அவருடையது. லைசென்ஸ் போகும். அந்த அக்கா மகன் வருவான். இருபத்தைந்து வருடம். இன்னும் மூன்று வருடம்தான் பாக்கி.

சட்டைப் பையிலிருந்து ரெசிஸ்டரை எடுத்தார். அது விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எறும்புகளுக்கு நடுவே தேடி எடுத்தார்.

"மாமா, நாலு நிக்கவே இல்ல. வண்டி அனுப்பவா?"

"வேணாம். வயர் பிரச்சனை. இப்ப சரியாயிடும்."

வயரைப் பிடுங்கினார். ரெசிஸ்டரின் கால்களை நுழைத்தார். திருகினார்.

கூரையில் முதல் ஆலங்கட்டி விழுந்தது. ஒன்று. அப்புறம் இன்னொன்று.

"நின்னுடுச்சு" என்றாள் ஸோட்வா. "கில்லாடி மாமா நீங்க."

லெசிபா மூச்சு விட்டார். நெற்றியைப் பெட்டியின் தகரத்தில் சாய்த்தார்.

"மூணு" என்றாள்.

அவர் அசையவில்லை.

"மூணு. நடக்கறீங்களா?"

நடைபாதை சென்சார் அவருக்குப் பின்னால் இருந்தது. அலமாரிக் கதவு அவரை மறைத்திருந்தது. அவர் அதற்குத் தெரிய வழியில்லை. எதிர்ச் சுவரின் வெள்ளைப் பெயின்டில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. அணைந்தது. விழுந்தது.

"மூணு, மூணு, மூணு..."

கருவிகளை அப்படியே விட்டார். எழுந்தார். பார்க்கவில்லை. நடந்தார். முன்னறை.

"ரெண்டு."

அது அவர். அவராகத்தான் இருக்கும். கதவைத் திறந்தார். "ஒண்ணு." வெளியே வந்து இழுத்துச் சாத்தினார். பூட்டு விழும் சத்தம் நன்றாகக் கேட்டது. ஆலங்கட்டி தோளில், தலையில், கழுத்தில் அடித்தது. கேட்டை நோக்கி ஓடினார்.

"ரெண்டு" என்றாள் ஸோட்வா. "திரும்ப உள்ள போயிட்டீங்களா?"

ஓடினார்.

"ஒண்ணு. வாசக்கதவு."

திரும்பிப் பார்த்தார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. வேறொன்றும் இல்லை. வெள்ளை ஆலங்கட்டி விரித்த பாதையில் அவருடைய காலடிகள் மட்டும்.

வெளியே ஹார்ன் அடித்தது. மோஷிடியின் கார். கேட் அதிர்ந்து உருளத் தொடங்கியது. அவள் தன்னிடமிருந்த ரிமோட்டை அழுத்திவிட்டாள். லெசிபாவின் கையிலும் ஒரு ரிமோட் இருந்தது. ஒரு முறை அழுத்தினால் நிற்கும். அழுத்தலாம். கையைத் தூக்கிக் கத்தலாம். உள்ளே வராதே, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லலாம். ஏன் என்பாள்.

கட்டை விரல் பொத்தான் மேல் இருந்தது.

கேட் முழுக்கத் திறந்துகொண்டது. கார் வந்து அவர் பக்கத்தில் நின்றது. மோஷிடி கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள்.

"ஐயா, ஏன் நனையறீங்க? ஃபோன் வழி முழுக்க அடிச்சுக்கிட்டே இருக்கு. ரெஃபி ரூம், நடை, ஹால், வாசல்னு. நீங்கதானா?"

"நான்தாம்மா" என்றார். "டெஸ்ட்."

"அவ ரூம்ல இருக்கறது?"

அவருக்குப் பின்னால், கேட்டுக்கு உட்புறம் இருந்த இரண்டு சென்சார்க் கம்பங்களில் ஒன்றில் விளக்கு எரிந்தது. காதில் ஸோட்வா சொன்னாள். "ஆறு. கேட்."

"நல்லா இருக்கும்மா" என்றார் லெசிபா. "அமைதியாயிடுச்சு."

"ரொம்ப நன்றி ஐயா. உங்க புண்ணியத்துல இன்னைக்காவது தூங்குவேன்."

காரின் பின் சீட்டில் ரெஃபி உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் மழைக்கோட்டு. அவளுடைய பக்கத்து இடத்தை ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் நகர்ந்து நகர்ந்து கதவோரத்தில் போய் ஒட்டிக்கொண்டாள்.

"மாமா, எல்லாம் அடங்கிடுச்சு" என்றாள் ஸோட்வா. "எங்கயும் ஒண்ணும் இல்ல. டெஸ்ட்ட முடிச்சிடவா?"

லெசிபா காரையே பார்த்தார். குளிர்ந்துபோயிருந்த பின் ஜன்னல் கண்ணாடியில், காலியான பக்கத்தில், உள்ளேயிருந்து ஒரு கை அகலத்துக்கு ஆவி படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது.