இல்லாத கோப்புறை

அன்று கம்பைலர் வழக்கமான அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை.

யூஜினுக்கு அலுப்பில் கண் எரிந்தது. சிகாமட் ஆற்றோரக் கம்பத்து வீடுகளுக்கான வெள்ள எச்சரிக்கைப் பெட்டியை விடிந்ததும் மாட்டியாக வேண்டும். ஆறு ஏறிக்கொண்டிருந்தது, பெட்டி ஊமையாகப் போனால் அங்கே தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். பெட்டிக்குள் ஓடும் நிரலை, அதற்குப் புரியும் மொழிக்கு மாற்ற, தன் மடிக்கணினியில்தான் அவன் கம்பைல் செய்தான். அதற்கு வேண்டிய ஹெடர் என்ற துணைக் கோப்புகளைக் கம்பைலர் சில கோப்புறைகளில் வரிசையாகத் தேடும்; முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும்.

வரிசையில் முதலிடம் கூட வேலை பார்த்த கால்வினின் கோப்புறைக்கு. கம்பைலரைக் கட்டியவன் அவன். அவனுடைய கணினியில் அந்தக் கோப்புறை இருந்த பாதை அதற்குள் பதிந்துவிட்டது; யூஜினின் மடிக்கணினியில் அது கிடையாது. போன வெள்ளத்தில் நீர்மட்டம் பார்க்கப் போன கால்வினை ஆறு கொண்டுபோனது. ஒவ்வொரு முறையும், அப்படியொரு கோப்புறை இல்லை, விட்டுவிடுகிறேன் என்று கம்பைலர் சொல்லும். யூஜினுக்கு நெஞ்சு கனக்கும். ஆனாலும் அந்தப் பாதையை எடுத்துவிட மனம் வரவில்லை.

இன்று அங்கிருந்தே ஹெடரை எடுத்திருந்தது.

தேடிப் பார்த்தான். கோப்புறை இருந்தது. உள்ளே ஒரு ஹெடர், அதில் ஒரே வரி: நீர்மட்டம் முப்பது சென்டிமீட்டர். மூடித் திறந்தான். ஐம்பது.

நாலாவது மாடி ஃபிளாட்டின் ஜன்னலில் சாயங்காலத்திலிருந்து விடாமல் அடித்த மழைச் சத்தத்துக்கு நடுவே, மூடிய அறைக்குள் எங்கிருந்தோ சேறும் அழுகிய இலையும் கலந்த ஆற்று வாடை மெல்லக் கசிந்து தொண்டையில் ஒட்டியது. தங்காக்கில் தாய்வீட்டில் இருந்த மனைவி ஸ்டெஃபனி போன் செய்தாள்.

“என்னங்க, தண்ணி சத்தம் கேக்குது. பைப்ப மூடலையா?”

“மூடித்தான் இருக்கு. மழைலா அது.”

“மழை இல்லங்க. தண்ணிக்குள்ள யாரோ நடந்து வர்ற மாதிரி இருக்கு. உங்க பக்கத்துலயே.”

போனை அணைக்காமல் மேசையில் வைத்தான். கோப்புறையை அழித்தான். மறுபடி கம்பைல் செய்தான். இல்லை என்று சொல்லிவிடு, சாமி, ஒரே ஒரு தடவை.

சொல்லவில்லை. ஹெடரில் நூறு.

தரை காய்ந்துதான் இருந்தது. கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. பிறகு சட்டை. எழ முயன்றான். பாதம் தரையில் படவில்லை. போனுக்குள் ஸ்டெஃபனி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தான். சேற்று ருசி.

நெற்றியில் கிடந்த முடி எழுந்து கண்முன் அலைந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், இருட்டில், இன்னொருவனின் முடியும் அலைந்துகொண்டிருந்தது.