காமாரியாவின் கபர் எண்

காலை 9.10. சூலியா தெரு மாடியில் இருந்த மரண உதவிச் சங்கத்தின் லினக்ஸ் கணினி கண்திறக்கவில்லை. கருந்திரையில் ஒரே வரி: யூ.எஸ்.ஆர் பகுதி கிடைக்கவில்லை.

அலாவுதீன் விடியலில் காலமாகியிருந்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம். மனைவி காமாரியாவின் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்பதுதான் அவர் மகள் ஹமீதாவிடம் கேட்டது. காமாரியா இறந்ததோ ஊரடங்கு நாட்களில். அடக்கம் செய்த கபர் அருகே வீட்டார் எவரையும் விடவில்லை. அப்போது அடக்கியவர்களின் வரிசைக் கற்களில் பெயர் கிடையாது, எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்பது இந்தக் கணினியில் இருந்த பதிவேட்டில்தான் இருந்தது.

கணினி பழுது பார்க்கும் ஃபரா பையை இறக்கி வைத்தாள்.

"ஹாஃபிஸ்தான் அழிச்சிருக்கான்," என்றார் செயலாளர் ஹைக்கல். "நேத்து லீவு கேட்டான், குடுக்கல. கடைசியா மெஷினைத் தொட்டவனும் அவந்தான்."

எழுத்தர் ஹாஃபிஸ், அக்காவிடம் முறையிடுவதுபோல், ஃபராவிடம் திரும்பினான். "அல்லாவுக்குப் பொதுவா நான் ஒண்ணும் பண்ணல லாத்தா. ஷட்டவுன்தான் கொடுத்தேன்."

"ஏன் தம்பி?"

"ராத்திரி கரண்ட் நிப்பாட்டுறதா நோட்டீஸ் வந்துச்சு."

ஃபரா பெட்டியைத் திறந்தாள். பழைய ஹார்ட்டிஸ்க் ஒன்று. தனி கார்டில் மாட்டிய புதியது ஒன்று.

"இது யாரு போட்டது?"

"நாந்தான்," ஹைக்கல் நிமிர்ந்தார். "பழசுல எடம் பத்தல. யூ.எஸ்.ஆர்ல இருந்த புரோகிராம் எல்லாத்தையும் இதுக்கு மாத்துனேன். எட்டு மாசம், ஒரு கொறையும் இல்லலா!"

"அந்த எட்டு மாசத்துல எத்தன தடவ ஆஃப் பண்ணீங்க?"

"நேத்துதான் மொத தடவ," என்றான் ஹாஃபிஸ்.

 ஃபரா தன் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்த லினக்ஸால் கணினியை எழுப்பினாள்.

10.05. இரண்டு டிஸ்கும் திரையில் தெரிந்தன. ஒரு கோப்புகூட அழியவில்லை.

"அப்ப ஏன் எந்திரிக்கல?" ஹைக்கலின் குரல் இறங்கியிருந்தது.

"உங்களாலதான் மாமா. கணினி முழிக்கிறப்ப அதுக்குப் பழைய டிஸ்க் மட்டும்தான் தெரியும். புதுசைப் பாக்கணும்னா இந்தக் கார்டோட டிரைவர்ங்கிற புரோகிராம் வேணும்; என் பென்டிரைவ்ல அது இருக்கு, அதான் இப்பத் தெரியுது. அந்த டிரைவரையும் சேத்து நீங்க புது டிஸ்குக்கே மாத்திட்டீங்க. பெட்டிக்குள்ளயே சாவிய வச்சுப் பூட்டுன மாதிரி. மாத்துனப்ப மெஷின் ஓடிட்டிருந்துச்சு, டிரைவர் ஏற்கெனவே ஏறியிருந்துச்சு. அதனால ஒண்ணும் தெரியல. ஹாஃபிஸ் கடைசியாத் தொட்டதை எல்லாரும் பாத்தீங்க. உங்களுக்கப்புறம் நேத்து வரைக்கும் அதை யாருமே அணைச்சதில்லங்கிறத யாரும் பாக்கல."



ஹைக்கல் எழுத்தர் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் உன்ன..."

"அதெல்லாம் அப்புறம் மாமா. குழி வெட்ட ஆளு காத்திருக்காங்க," என்றான் ஹாஃபிஸ்.

திரையில் பதிவேட்டைத் திறந்து விரலால் வரி வரியாக இறங்கினான். விரல் ஓரிடத்தில் நின்றது. ஹைக்கல் ஹமீதாவை அழைத்து, தன் கைப்பேசியையே அவனிடம் நீட்டினார்.

"ஹமீதா லாத்தா, உம்மா கபர் பதினாலாம் வரிசை, ஒம்பதாம் நம்பர்."

 மறுமுனையில், மிக மெதுவாக: "பக்கத்துல?"

"பத்தாம் நம்பர் காலியாத்தான் இருக்கு லாத்தா. உங்க அத்தாவக் கூட்டிட்டு வாங்க."