ஈரம் காயாத கார்

ஏசியைப் போட்டதும் முதலில் வந்தது குளிர் அல்ல, வாடை. மூடிவைத்த அழுக்குத்துணியின் முடைநாற்றமாக இருந்திருந்தால் அனுபமா மூக்கைச் சுளித்துவிட்டு மறந்திருப்பாள். இது தலைக்குக் குளித்து, துவட்டாமல் முடிந்துகொண்ட கூந்தலின் வாடை. சீயக்காயும் வதங்கிய மல்லிகையும்.

சாஹித்யா பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டாள். அதுவரை செகந்திராபாத் பக்கம் அல்வாலிலிருந்து, அனுபமாவின் கணவன் சங்கரோடு இதே முன்சீட்டில் ஆபீஸ் போய்வந்தவள். ஆள் போய்விட்டாள், தலைமுடி மட்டும் போகவில்லை.

"யாருங்க உக்காந்து வந்தா?"

"நக்கோ அனு, ஆரம்பிக்காத. யாரும் வரல." செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்த சங்கருக்குச் சங்கடமென்றால் உருது ஒட்டிக்கொள்ளும். "உனக்கு இருக்கிறது மூக்கா, போலீஸ் நாயா?"

வீட்டுத் தெருமுனை வந்ததும், வழக்கம்போல, ஏசியை நிறுத்தி ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விட்டான். வெளிக்காற்றைத் திறந்தான். "உள்ள ஈரம் தங்கினாதான் வாடை. வீடு வர்றதுக்குள்ள காயவிட்டுடணும். அவ்ளோதான்."

அவ்வளவுதானா? தினமும் வீட்டு வாசலுக்கு முன்னால் எதையோ காயவைத்து, ஊதி வெளியேற்றிவிட்டுத்தான் வருகிறான்.

அந்த வாரம் அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. ராமச்சந்திராபுரத்திலிருந்த தன் ஆபீஸுக்கு அவள் காரை எடுத்துப் போனாள். மழை விடாத அந்த மாலைகளில் அவள் எதையும் காயவிடவில்லை. வெளிக்காற்றை அடைத்து, ஷெட்டுக்குள் வந்து நிற்கும்வரை ஏசியை ஓட்டி, ஈரத்தோடே பூட்டினாள். ஊறட்டும். யாருடையது என்று தெரிகிற அளவுக்கு முற்றட்டும்.

முற்றியது. மல்லிகை அழுகியது; சீயக்காய்க்கு அடியிலிருந்து உச்சந்தலை வேர்வை கிளம்பியது; அதற்கும் அடியிலிருந்து, தூங்கி எழுந்த வாயின் வெதுவெதுப்பு, அத்தனை குளிரையும் மீறி, டாஷ்போர்டின் ஏசி இடுக்கு வழியாக அவள் கழுத்தில் பட்டது, நின்றது, மறுபடி பட்டது.

மூச்சைப் போல.

ஷெட்டுக்குள் காரை நிறுத்தினாள். பக்கத்து சீட்டில் யாருமில்லை. அந்தச் சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி கார் மணியடித்தது.

சாவியைத் திருப்பினாள். மணி நின்றது. ஃபேன் நின்றது. மூச்சு நிற்கவில்லை.

இடுக்கில் ஒரு முடி. நீளம். ஈரம்.

"சிக்கினியாடி," என்றாள் அனுபமா. இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. விரலில் சுற்றி இழுத்தாள்.

உள்ளிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.

இருட்டு. முதுகில் சில்லென்ற தகடுகள். கத்த வாய் இருந்தது, சத்தம் இல்லை. எதிரே ஏசி இடுக்கின் பட்டைகளுக்கு நடுவே கோடுகோடாக வெளிச்சம்.

கார்க் கதவு திறந்தது. சங்கர் ஏறி உட்கார்ந்தான். பக்கத்து சீட்டில், அனுபமாவின் பச்சைச் சுடிதாரில், அனுபமாவின் முகத்தோடு, ஒருத்தி ஈரத்தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அவளை அவன் ஆசையாகப் பார்த்தான். அப்படி அவன் அனுபமாவைப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"இப்ப வாடை வருதா, அனு?"

"இல்லைங்க." அதே குரல். "ஏசி வேணாம். ஃபேனை மட்டும் விடுங்க." குனிந்து, இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். "உள்ள இருக்கிறது நல்லா காயட்டும்."

காற்று சுழலத் தொடங்கியது. முதலில் அனுபமாவின் நாக்கு காய்ந்தது.