உதைத்தால் மிர்ச்சி நகராது

"உதை விழுந்ததும் 'ஐயோ அம்மா'ன்னு கத்தணும் பாப்பா. அவ்வளவுதான்," என்றார் இயக்குநர் பிரணீத், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

"கத்த மாட்டேன் சார்," என்றாள் லாஸ்யா.

ஹைதராபாத்தில், மாதாப்பூர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று வேலை அப்படியே நின்றது. பெரிய சினிமா ஒன்று வரப்போகிறது. அதற்கு முன்னால் ஒரு கார்ட்டூன் தொடர், நான்கே பாகம். மூவாயிரமாவது ஆண்டில் பறக்கும் ஆட்டோ ஒன்று அதில் வரும். பெயர் மிர்ச்சி. சரியான வாயாடி. அதற்குக் குரல் கொடுப்பவள் பத்து வயது லாஸ்யா. நன்றாகப் பேசினால் சினிமாவிலும் அவள்தான் என்று சொல்லியிருந்தார்கள். வகுப்பு முழுக்க அவளும் தம்பட்டம் அடித்தாகிவிட்டது.

மூன்று பாகம் முடிந்தது. நான்காவதில்தான் வம்பு. நாயகன் கஜபதி மிர்ச்சியை ஏழு தடவை உதைக்கிறான்.

"தொண்டை வலிக்குதா?" என்று கேட்டார் பிரணீத்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. அவன் எதுக்கு வண்டியை உதைக்கிறான்?"

"ஸ்டார்ட் ஆகலை, உதைக்கிறான். நாமளும் பைக்கை உதைச்சுத்தானே ஸ்டார்ட் பண்றோம்?"

"அது கிக்கரை மிதிக்கிறது சார். இவன் மூஞ்சியில உதைக்கிறான்."

ஒலிப்பதிவு செய்யும் ரவளி அக்கா குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

கதவோரம் உட்கார்ந்திருந்த அப்பா யாதகிரி எழுந்து வந்தார். "சார் சொல்றதைக் கேளும்மா. சினிமா கைவிட்டுப் போயிடும்."

"அப்பா, போன தசராவுக்கு நம்ம ஆட்டோவுக்கு மாலை போட்டப்ப, தெரியாம என் கால் பட்டுச்சு. நீ என்ன சொன்னே?"

ஆட்டோக்காரரான யாதகிரி கழுத்தைச் சொறிந்தார். "தொட்டுக் கண்ணுல ஒத்திக்கச் சொன்னேன்."

"நமக்குச் சோறு போடற வண்டின்னும் சொன்னே."

பிரணீத்துக்குப் பொறுமை போய்விட்டது. "இது கார்ட்டூன்மா. உதைச்சாதான் பசங்க சிரிப்பாங்க. கத்துறியா, வேற பாப்பாவைக் கூப்பிடட்டுமா?"

லாஸ்யாவுக்கு அழுகை முட்டியது. அந்த சினிமா அவளுக்கு வேண்டும், ரொம்பவே வேண்டும். ஆனால் அடி வாங்கி அழும் மிர்ச்சி அவளுக்கு வேண்டாம்.

"ஒரே ஒரு தடவை நான் நினைச்சபடி பேசறேன் சார். யாருக்கும் சிரிப்பு வரலைன்னா, வேற பாப்பாவைக் கூப்பிடுங்க."

ரவளி உடனே படத்தை ஓடவிட்டாள். எதிரியின் விண்கப்பல் துரத்தி வருகிறது. இரும்புச் செருப்புக் காலால் கஜபதி உதைக்கிறான். மிர்ச்சி மூச்சுவிடவில்லை. மறுபடியும் உதைக்கிறான். அப்போதும் இல்லை. அப்புறம் நிதானமாகப் பேசினாள் லாஸ்யா.

"நாலு கிரகத்தை ஜெயிச்ச கஜபதி சாருக்கு, வண்டி மேல கால் படக்கூடாதுன்னு வீட்டுல யாரும் சொல்லித்தரலையா? தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோ. அதுவரைக்கும் நகர மாட்டேன். ஒண்ணும் அவசரமில்ல. பின்னாடி எதிரிதான் வர்றான்."

ரவளி வாய்விட்டுச் சிரித்தாள். டீ கொண்டுவந்தவர் தட்டோடு குலுங்கினார். பிரணீத் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

"அவன் கண்ணுல ஒத்திக்கிறதைப் புதுசா வரையணுமே," என்றார் சிரிப்புக்கு நடுவே.

"மிர்ச்சிக்குத்தான் வாயே கிடையாதே சார், பேசறப்ப வெறும் லைட்டுதான் மின்னும். அவன் கையை மட்டும் வரைஞ்சா போதும்."

"உதை ஏழு இடத்துல வருது."

"ஏழுலயும் கத்த மாட்டேன்."

பிரணீத் பேனாவை எடுத்து வசனத்தாளில் இருந்த ஏழு 'ஐயோ அம்மா'வையும் அடித்துவிட்டு, முதல் இடத்தில் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

தொடர் வெளிவந்த மறுவாரம், சினிமா ஒலிப்பதிவுக்கு அப்பாவின் ஆட்டோவில் கிளம்பினாள் லாஸ்யா. வழியில் ஒருவர் தன் மகனுடன் ஏறினார். ஏறும்போது அவருடைய ஷூ ஆட்டோவின் பக்கவாட்டில் இடித்தது.

"தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோப்பா," என்றான் அந்தப் பையன். "இல்லன்னா வண்டி நகராது."

அவர் சிரித்துக்கொண்டே தொட்டு ஒத்திக்கொண்டார். அதன் பிறகுதான் யாதகிரி வண்டியை எடுத்தார்.